இரண்டடி ஆழம் எதற்கு? சின்ன வீட்டுக்குப் பீரோ, கடப்பா ஷெல்ஃப், மாடுலர், பெட்டிக் கட்டில்: ஓர் ஒப்பீடு

"பீரோ வாங்கலாமா, ஆசாரியைக் கூப்பிட்டுச் சுவரோடு அலமாரி அடித்துவிடலாமா, இல்லை அடியில் பெட்டி வைத்த கட்டில் போடலாமா?" சின்ன வீட்டுக்காரர்கள் இதைக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் கேட்கிறார்கள்: எதில் நிறைய கொள்ளும்? கடைக்காரரும் அதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறார். நிறைய கொள்ளும் என்று வாங்கிப் போட்டது ஆறே மாதத்தில், உள்ளே என்ன கிடக்கிறதென்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாத குகையாகிவிடுகிறது. நான் வேறு கணக்குப் போடுவேன். ஒரு பொருளை எடுக்க எத்தனை பொருளை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது?

சின்ன வீடு என்பது இறக்கி வைக்கவும் இடமில்லாத வீடு. பெரிய வீட்டில் நாலு பெட்டியை இறக்கி ஹாலில் பரப்பித் தேடலாம், சாவகாசமாக ஏற்றி வைக்கலாம். இங்கே இறக்கினால் கட்டில் மேல்தான் வைக்க வேண்டும். இரவு தூங்குவதற்குள் திரும்ப ஏற்றியாக வேண்டும். அதனாலேயே யாரும் இறக்குவதில்லை. இருக்கும் பொருளையே மறுபடி கடையில் வாங்கி வருகிறோம்.

நான் மனதில் வைத்துப் பேசுவது தாம்பரம், அம்பத்தூர், மாதவரம் பக்கம் பார்க்கிற ஃப்ளாட்டை. ஏறக்குறைய 600 சதுர அடி. பத்துக்குப் பத்தில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், தலைக்கு மேல் பரண் ஓடும் சமையலறை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே ஓர் அம்மாவோ மாமியாரோ. சாமான்களும் தெரிந்தவைதாம்: உடுப்பு, பட்டுப்புடவை, பள்ளிப் புத்தகம், பத்திரம், சீராக வந்த எவர்சில்வர் அண்டா, கொலு பொம்மை, விருந்தாளிக்குப் போடும் பாய், தலையணை, பவானி ஜமக்காளம், இரண்டு மூன்று பயணப் பெட்டி, 26 கிலோ அரிசி மூட்டை. (25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் பல ஆலைகளின் மூட்டை ஒரு கிலோ பெருத்தது. அரிசி டிரம் வாங்குகிறவர்கள் கவனிக்க.)

வேண்டாததை முதலில் கழித்துக் கட்டுங்கள் என்று ஆரம்பிக்கலாம்தான். போகிக்குப் போகி அதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். நம் வீடுகளில் ஒவ்வொரு அண்டாவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, அவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். எனவே அதை அவரவர் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, இருப்பதை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன்.

ஆழத்தில்தான் பொருள் தொலைகிறது

ஒரு டேப்பை எடுத்து வீட்டுப் பொருள்களை அளந்து பாருங்கள். மடித்த சட்டை பத்துக்குப் பதினாலு அங்குலத்தில் அடங்கும். மடித்த புடவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டு 11 அல்லது 12 அங்குலம். ஏ4 காகிதத்தின் நீளம் 11.7 அங்குலம், ஃபைல் அட்டையோடு சேர்த்தால் 14. பள்ளிப் புத்தகம் இதைவிடச் சிறியது. தினமும் கை போகிற பொருள்களில் முக்கால்வாசி, 15 அல்லது 16 அங்குல ஆழமுள்ள தட்டில் ஒரே வரிசையாக நின்றுவிடும். முன்னால் எதுவும் மறைக்காது, கதவைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டடி ஆழம் நிஜமாகவே எதற்கு வேண்டும்? ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு, பெரிய பயணப் பெட்டிக்கு, தலையணை மெத்தைக்கு, அண்டாவுக்கு. அவ்வளவுதான். அதே ஆழத்தில் மடித்த துணியை அடுக்கினால் முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டாகிறது. பின்வரிசையில் போன தீபாவளிச் சட்டை இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அது வெளியே வரும்போது பிள்ளை வளர்ந்திருப்பான்.

பிறகு ஏன் எங்கே பார்த்தாலும் இரண்டடி அலமாரி? பிளைவுட் பலகை எட்டுக்கு நாலடி அளவில் வருகிறது. நாலடியை நேர்பாதியாகப் பிளந்தால் இரண்டடி, வேலை சுலபம். ஆசாரியைக் கேட்டால், "மேடம், ரெண்டடி இல்லன்னா சட்டை மாட்ட முடியாது" என்பார். அது உண்மைதான். ஆனால் தொங்கவிடும் பகுதி மூன்றடி அகலம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மீதி அகலத்துக்கும் ஏன் அதே ஆழம்? அதே பலகையை மூன்றாகப் பிளந்தால், ரம்பத்தூள் போக, ஏறக்குறைய 16 அங்குலத்தில் மூன்று துண்டு கிடைக்கும். சொல்லிச் செய்ய வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை சொல்லும் முறையும் இந்த ஆழத்துக்கு ஒரு காரணம். மாடுலர் நிறுவனமானாலும் சரி, தெருமுனை ஆசாரியானாலும் சரி, அலமாரிக்கு முகப்பைத்தான் சதுர அடியில் அளக்கிறார்கள். ஆறடி அகலம், ஏழடி உயரம், ஆக 42 சதுர அடி. ஆழம் கணக்கில் வராததால் அது இனாமாகக் கிடைப்பது போலத் தோன்றுகிறது. தரைக்கு அது இனாம் இல்லை. ஆறடி அலமாரியை 16 அங்குலத்துக்குப் பதில் 24 அங்குல ஆழத்தில் அடித்தால் கூடுதலாக 4 சதுர அடி தரை போகிறது. ஃப்ளாட் வாங்கியது சதுர அடி 7,000 ரூபாய்க்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு சுவருக்கே 28,000 ரூபாய் தரையைக் கொடுத்து, பின்வரிசை என்ற தொல்லையை வாங்குகிறோம்.

கடப்பா ஷெல்ஃப்

இப்போது கட்டுகிற ஃப்ளாட்டுகளில் இதை அசிங்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமுண்டு. சுவரில் குழிவு விட்டு, ஓரங்களைச் சுவருக்குள் செருகி, முக்கால் அங்குலக் கடப்பா கல்லைத் தட்டாக வைப்பது தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்த வேலை. கரையான் தின்னாது, நீர் பட்டால் ஊறாது, பாரம் ஏற்றினால் தொய்யாது. கொஞ்சம் எண்ணெய்க் கறை பிடிக்கும், ஓரத்தைச் சரியாக இழைக்காவிட்டால் கையைப் பதம் பார்க்கும். குறை என்று சொல்ல இவ்வளவுதான். மூன்றடி நீளம், 15 அங்குல அகலமுள்ள ஒரு கல் ஏறக்குறைய 18 கிலோ வரும். அதன் மேல் புத்தகமோ பருப்பு டப்பாவோ எவ்வளவு அடுக்கினாலும் கவலையில்லை. ஆழமும் இயல்பாகவே ஒன்றேகால் அடி, ஒன்றரை அடியில் நின்றுவிடுகிறது.

ஆனால் இது வீடு கட்டும்போதோ பெரிய மராமத்தின்போதோ செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே எழும்பிய ஃப்ளாட்டில் கான்கிரீட் தூணையோ பாரம் தாங்கும் சுவரையோ இதற்காகக் கொத்தவே கூடாது. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இரண்டு படுக்கையறையிலும் சமையலறையிலும் ஒவ்வொரு கடப்பா அலமாரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கதவைப் பிறகு கையில் காசு சேரும்போது போடலாம். அதுவரை ஒரு பழைய காட்டன் புடவையே திரையாகப் போதும்.

ஆசாரி வேலையும் மாடுலரும்

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அழகில் இல்லை, உள்ளே இருக்கும் பலகையில் இருக்கிறது. ஆசாரி பெரும்பாலும் பிளைவுட்டில் செய்கிறார். விலை மலிவான மாடுலர் அலமாரிகள் பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகையில் வருகின்றன. மேலே ஒட்டிய தாளில் இரண்டும் ஒரே தேக்குபோலப் பளபளக்கும். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை நீர் புகுந்தால் ஓரம் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கீலின் திருகு ஒருமுறை பிடி விட்டால் அதே துளையில் திரும்ப நிற்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வேர்க்கிற ஊரில் இதைக் குளியலறைச் சுவரை ஒட்டி வைப்பது காசை நனைப்பதுதான்.

பிளைவுட்டிலும் தரம் பார்க்க வேண்டும். எம்.ஆர். என்று முத்திரை போட்டது ஈரப்பதத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட மேல். இந்த இரண்டும் ஐ.எஸ். 303 தரத்தில் வருபவை. கடைக்காரர்கள் "மரைன்", "செவன் டென்" என்று சொல்வது ஐ.எஸ். 710. படுக்கையறை அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வருவதற்கு மட்டும் 710 போடுங்கள். வீடு முழுக்க மரைன் என்று விலைப்பட்டியல் வந்தால் அது உங்கள் பாதுகாப்புக்காகப் போட்டதில்லை. பலகை எதுவானாலும், முத்திரை தெரிகிற பக்கத்தை வெட்டுவதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள். மைக்கா ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுதான்.

தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கல் கேளுங்கள். 18 மில்லிமீட்டர் பலகைகூட மூன்றரை அடி நீளத்தில் புத்தகப் பாரத்துக்குத் தொய்யும்.

ஊர்ப்பக்கம் இப்போது பி.வி.சி. அலமாரிகள் நிறைய வருகின்றன. கரையானும் நீரும் அண்டாது, விலையும் குறைவு. ஆனால் உள்ளே கூடாக இருக்கும் தகடு அது. துணிக்குத் தாங்கும், பித்தளைக் குடத்துக்குத் தாங்காது.

ஸ்லைடிங் கதவு சின்ன அறைக்கு உகந்தது என்று விற்கிறார்கள். திறக்க முன்னால் இடம் வேண்டாம் என்பது மெய்தான். ஆனால் எந்த நேரமும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அலுவலகம் கிளம்புகிற வீட்டில் காலை எட்டு மணிக்கு அந்தக் கதவு யார் பக்கம் என்பதே ஒரு பஞ்சாயத்து. முன்னால் ஒன்றரை அடி கிடைக்கும் என்றால் சாதாரணக் கதவே மேல்.

பீரோ

எந்த இரும்பு அலமாரியையும் நம் வீடுகளில் "கோத்ரெஜ்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. நூறு ஆண்டுகளாகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை: ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஆழம் 19 அங்குலத்தை ஒட்டி. அந்த 19 அங்குலத்தைக் கவனியுங்கள். மடித்த துணி ஒரு வரிசையாக நின்று, பின்னால் நாலைந்து அங்குலம் மிச்சம் இருக்கும், இன்னொரு வரிசைக்குப் போதாது. தொலைய இடமில்லாத ஆழம். மாடுலர்காரர்கள் பழசு என்று கேலி பேசும் பீரோ இந்த விஷயத்தில் அவர்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக அமைந்திருக்கிறது.

உள்ளூர்ப் பட்டறை பீரோ வாங்கினால் கேஜ் கேட்டு வாங்குங்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 22 கேஜ் என்றால் 0.7. கதவைத் திறந்து அதன் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், "டொக்" என்று உள்வாங்கினால் மெல்லிய தகடு. உள்ளே இருக்கும் லாக்கரை நகைக்கு நம்ப வேண்டாம். அது வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பணத்தைக் காக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பீரோவின் எதிரி துரு. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் பீரோவின் கால்கள்தான் முதலில் அரிக்கும். வீடு துடைக்கும் நீரே பாதிக் காரணம், அதனால் நாலு கால்களுக்கும் அடியில் பிளாஸ்டிக் ஸ்டாண்டு வையுங்கள். எந்தச் சுவரில் வைப்பது என்பதற்கு வாஸ்து தென்மேற்கு மூலையைக் காட்டும். உங்கள் வீட்டில் தென்மேற்கு மூலைக்குப் பின்னால் குளியலறை இருந்தால் குபேரனைவிடப் பூசணம்தான் முந்தி வரும். காய்ந்த சுவர் எதுவோ அதுதான் பீரோவுக்கு மூலை. சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

பட்டுப்புடவைக்குப் பீரோவைவிட நல்ல இடம் சின்ன வீட்டில் இல்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் போதும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. துணியில் முடிந்து மூலையில் போடலாம், அல்லது வசம்புத் துண்டு வைக்கலாம்.

பெட்டிக் கட்டில்: நான் வேண்டாம் என்பேன்

கடையில் பார்க்கும்போது மனதை மயக்குவது இதுதான். ஐந்துக்கு ஆறேகால் அடி, முப்பது சதுர அடிக்கு மேல் இடம், வீணாகக் கிடக்கிறதே என்று தோன்றும். கேஸ் ஸ்பிரிங் வைத்த கட்டிலென்றால் விற்பனையாள் ஒரு விரலால் தூக்கிக் காட்டுவார். கடையில் அதன் மேல் கனமான தேங்காய் நார் மெத்தையும் இல்லை, படுத்திருக்கும் மாமியாரும் இல்லை.

என் கணக்கில் போடுங்கள். உள்ளே இருக்கும் ஒரு போர்வையை எடுக்க எதையெல்லாம் நகர்த்த வேண்டும்? தலையணைகள், விரிப்பு, மெத்தை, சில சமயம் ஆள். ஸ்பிரிங் இல்லாத மலிவு வகையில் மெத்தையையே புரட்டிப் பலகையைத் தூக்க வேண்டும். ஆழமோ எல்லாவற்றையும்விட அதிகம், மேலிருந்து கீழே குனிந்து துழாவுகிற ஆழம். மழைக்காலத்தில் அதற்குள் காற்றும் போகாது, வெயிலும் போகாது. தரையோடு ஒட்டி உட்காருவதால் அடியில் துடைப்பமும் நுழையாது.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது முதலில் மூழ்கியது முழங்காலுக்குக் கீழே இருந்தவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ்களையும் பத்திரங்களையும் இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. பத்திரம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாம் ஜிப் வைத்த ஒரே பையில், நீர் புகாத உறையில், பீரோவின் மேல்தட்டில் இருக்கட்டும். ஒரு கையால் எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும், கணக்கு அவ்வளவுதான். டிஜிலாக்கரில் கிடைப்பதை அதிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், மூலப்பத்திரத்துக்கு அது ஈடில்லை.

கட்டிலுக்கு அடி இடத்தை அப்படியே விடுவதா? ஒன்றரை அடி உயரக் கால் வைத்த சாதாரணக் கட்டில் வாங்கி, அடியில் சக்கரம் வைத்த தட்டைப் பெட்டிகளை உருட்டி விடுங்கள். இழுத்தால் முழுப் பெட்டியும் வெளியே வரும், எதையும் துழாவ வேண்டாம், மழை வந்தால் தூக்கிக் கட்டில் மேல் வைக்கலாம். பாயும் ஜமக்காளமும் சுருட்டி அங்கேயே கிடக்கட்டும். மூன்றாவது மாடியில், வேறு எந்தச் சுவரும் மிச்சமில்லாத வீட்டில், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கிற மெத்தைக்கு என்றால் பெட்டிக் கட்டிலை நானும் ஒப்புக்கொள்வேன்.

பரண்

தரையிலிருந்து ஏழடி உயரத்தில், இரண்டடி ஆழத்தில் சுவர் முழுக்க ஓடும் கான்கிரீட் பலகை. வீட்டோடு வந்தது, தரையைத் தின்னாதது, காசு கேட்காதது. ஆழம் அதிகம்தான், ஆனால் எந்தப் பொருளை ஏற்றுகிறோம் என்பதைச் சரியாக வைத்துக்கொண்டால் அந்த ஆழமே பயன்படும். ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் பொருள்கள் மட்டும் அங்கே ஏற வேண்டும்: கொலு பொம்மை, கொலுப்படியின் இரும்புச் சட்டங்கள், அண்டா, குண்டான், பயணப் பெட்டி. மாதாமாதம் தேடுகிற எதுவும் பரணுக்குப் போகக்கூடாது. ஸ்டூல் மேல் நாற்காலி போட்டு ஏறி இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் நம் உறவில் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார்கள். அகலப் படி வைத்த அலுமினிய ஏணி ஒன்று, இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும்விட முதலில் வாங்க வேண்டிய பொருள்.

கொலு பொம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் பரண் முழுக்க அதுதான். மதுரைப் பக்கத்து விளாச்சேரி மண்பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் ஒரே பெட்டியில் சேரக்கூடாது. மண்பொம்மை கனம், அடிப்பட்டால் மூக்கு போகும். காகிதக்கூழுக்கு ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் ஆகாது. பழைய காட்டன் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, மண்பொம்மைகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் பிரித்துப் போடுங்கள். ஏணியில் நிற்பவர் ஒரு கையால் ஏந்த முடிகிற கனத்தைத் தாண்டாமல் இருந்தால் சரி. காகிதக்கூழை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கலாம், மழை ஓய்ந்த ஒரு நாளில் காயவைத்துவிட்டு. செட்டின் பெயரைப் பெட்டியின் மூடியில் எழுதினால் கீழேயிருந்து தெரியாது, முகப்பில் எழுதுங்கள். தசாவதாரத்தில் ஒன்பது பேர் ஒரு பெட்டியிலும் கல்கி வேறெங்கோவும் இருக்கிற வீடுகள் நிறைய.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஃப்ளாட்டில் பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகக் காயும். புகைப்பட ஆல்பமும் பழைய கேசட்டும் பிளாஸ்டிக் பொம்மையும் அங்கே வேண்டாம். கதவு போடுவதா என்றால், சாலையோர வீட்டுக்குப் போடலாம், தூசு தாங்காது. உள்தெருவில் திரைத்துணியே போதும், காற்றும் ஓடும்.

மலிவு ரேக்

ஓட்டை போட்ட ஆங்கிளில் தட்டுகளை போல்ட் நட்டால் முடுக்கும் இரும்பு ரேக்கை மளிகைக்கடைச் சாமான் என்று வீட்டுக்குள் விடமாட்டார்கள். வாடகை வீட்டுக்கு இதைவிட உதவி வேறில்லை. 12, 15, 18 அங்குல ஆழங்களில் கிடைக்கிறது, தட்டு உயரத்தை இஷ்டப்படி மாற்றலாம், வீடு மாறும்போது ஸ்பானரால் கழற்றிக் கட்டி ஆட்டோவிலேயே கொண்டுபோகலாம். புத்தகத்துக்கும் மளிகைக்கும் 12 அங்குல ஆழமே போதும். ஓரம் கூர்மை, ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். பிள்ளைகள் ஏணியாக நினைத்து ஏறுவார்கள், ஆகவே மேலே ஓரிடத்தில் சுவரோடு கட்டாயம் பிணைக்க வேண்டும். ஒரு ஆணிக்கு வீட்டு உரிமையாளர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

சமையலறை மட்டும் விதிவிலக்கு

மேடை இரண்டடி. அதை மாற்ற முடியாது, கேஸ் அடுப்பும் கிரைண்டரும் அந்த அகலம் கேட்கின்றன. ஆக அடியில் இருக்கும் இடமும் இரண்டடி ஆழம்தான். தவிர்க்க முடிந்த ஆழத்தைத் தவிர்க்கலாம், தவிர்க்க முடியாத ஆழத்துக்கு டிராயர் போட வேண்டும். மாடுலர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம் வீட்டிலேயே நியாயமாகிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாரம் தாங்கும் சேனல் வைத்து முழுக்க வெளியே வரும் டிராயர் இரண்டு அல்லது மூன்று போட்டால், கடைசிக் குக்கரை எடுக்கத் தரையில் மண்டியிட வேண்டாம். மேடைக்கு மேலே சுவரில் வருவது 12 அங்குலத்தைத் தாண்டத் தேவையில்லை.

சிலிண்டரைக் கதவு போட்டு அடைக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். கதவு வேண்டுமென்றால் அடிப்பாகம் திறந்ததாக, காற்று வெளியேற வழியுள்ளதாக இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், 710 பிளைவுட் இல்லையென்றால் அலுமினியமோ பி.வி.சி.யோ போதும்.

எதற்கு முதலில் காசு

11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் சுவரோடு எதையும் அடிக்காதீர்கள், உரிமையாளர் சம்மதித்தாலும் சரி. போகும்போது பிடுங்கினால் பாதி உடையும், விட்டுவிட்டுப் போனால் அது அவர் சொத்து. ஏணி, ஒரு நல்ல 20 கேஜ் பீரோ, இரண்டு ரேக், கட்டிலடிக்குச் சக்கரப் பெட்டிகள் என்ற வரிசையில் வாங்குங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டாவது பீரோவும் தேவைப்படும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய பீரோவைப் பெயின்ட் அடித்து விற்கும் கடைகளில், புது மெல்லிய தகட்டைவிடக் கனமான பழைய தகடு குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு.

சொந்த வீடென்றால் பணத்தை முதலில் சமையலறை டிராயருக்கும், பிறகு பெரிய படுக்கையறையின் ஒரு சுவருக்கும் ஒதுக்குங்கள். அந்தச் சுவரில் மூன்றடி அகலம் மட்டும் 24 அங்குல ஆழத்தில் தொங்கும் துணிக்கு, மற்றதெல்லாம் 16 அங்குலத்தில் மடித்த துணிக்கும் புத்தகத்துக்கும். ஆழம் மாறும் இடத்தில் முகப்பு ஒரே கோட்டில் வராதே என்று ஆசாரி தயங்குவார். தொங்கும் பகுதியை அறையின் மூலையில் தள்ளிவிட்டால் அந்தப் படி கண்ணை உறுத்தாது. விலைப்பட்டியலில் பலகையின் தரம், தடிமன், ஒவ்வொரு பகுதியின் ஆழம் மூன்றையும் எண்ணாகவே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகள் அறைக்கு இப்போதே எதுவும் நிரந்தரமாக அடிக்க வேண்டாம். பத்து வயதில் பொம்மைக்கு வேண்டிய தட்டு வேறு, பதினைந்து வயதில் நீட் புத்தகத்துக்கு வேண்டிய தட்டு வேறு. அங்கே ரேக் போதும்.

பீரோ வாங்கக் கிளம்புவதற்கு முன் மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும், படிக்கு மேல் தலை இடிக்கும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஆறரை அடிப் பெட்டி அங்கே திரும்பாது என்று தெரிந்தால், பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் வகையைக் கேட்டு வாங்கலாம். அதே கடையில் அதுவும் இருக்கும்.